மன்னர் தேடிய தழும்பு

செம்மேடு என்று ஒரு நாடு. அதை ஒரு காலத்தில் மாவண்ணன் என்ற அரசர் ஆண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மத்தியானம்வரை தாங்காது.

அவர் கோட்டைக்கு மண்மதில். மதிலுக்குள்ளேயே அறை குடைந்து நாற்பது குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. எலிவளையை அடைப்பார்கள், ஆலங்கன்று தலைகாட்டினால் பிடுங்குவார்கள், உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டுக் கொத்தனைக் கூப்பிட்டுப் பூசச் சொல்வார்கள். பொங்கல் வரிசை முதலில் அவர்களுக்குத்தான் போகும். படைத்தலைவர் காளிங்கனுக்கு அது வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவர் சபையில் மூட்டிவிட்டார். மதிலை முழுக்கச் சுற்றியும் ஒரு விரிசல்கூடக் கண்ணில் படவில்லையாம். சும்மா இருப்பவர்களுக்கு மதிலில் என்ன வேலை என்றார். ஆபத்து வந்தால் தன் படை ஓடிவரும் என்றார். மன்னர் யோசிக்காமல், அமாவாசைக்குள் நாற்பது குடும்பமும் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அமாவாசைக்கு மூன்றே நாள். அடைமழைக் காலம் வேறு.

அமைச்சர் அறவாழி மறுத்துப் பேசவில்லை. மன்னர் சின்ன வயதில் நாவல் மரத்திலிருந்து விழுந்த கதையைக் கேட்டார். மன்னருக்கு அந்தக் கதை என்றால் உயிர். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிய, அக்கா செங்கமலம் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவரைவிடச் சத்தமாக அழுதபடி அரண்மனைவரை ஓடினாளாம். அக்கா போய்ச் சேர்ந்து இருபது வருஷம்.

"அந்தத் தழும்பைக் கொஞ்சம் காட்டுங்கள், மகாராஜா" என்றார் அமைச்சர்.

மன்னர் பட்டு வேட்டியை விலக்கி வலது முழங்காலை நீட்டினார். காளிங்கன் முந்திக்கொண்டு குனிந்து, "அடேயப்பா, எவ்வளவு ஆழமான தழும்பு" என்றார். மன்னரும் குனிந்து பார்த்தார். தழும்பைக் காணோம். இடது காலிலும் இல்லை. சபையில் யாரோ இருமினார்கள்.

"இல்லாத தழும்பு இவருக்குத் தெரிகிறது, நடக்கிற வேலை தெரியவில்லை" என்றார் அமைச்சர். "ரத்தத்தில் ஓடிவந்து சண்டை போடும் காவல் உடம்பில் உண்டு, மகாராஜா. தோலிலேயே குடியிருக்கும் காவலும் உண்டு. காயம் பட்டதை முதலில் அறிவது அதுதான். செத்ததை அள்ளி, உதவிக்கு ஆள் கூப்பிட்டு, வந்தவர்களின் சண்டை எல்லை மீறாமல் அடக்கி, தோலை வளரவிட்டுத் தழும்புகூட இல்லாமல் மூடும். காயமில்லாத நாளிலும் அங்கேயேதான் இருக்கும். மதில்காரர்களும் அப்படித்தான்."

மன்னர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அக்காவோடு இருந்த நாளுக்கு இந்தத் தழும்பாவது மிச்சம் என்று நினைத்திருந்தேன்" என்றார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

உத்தரவு அப்போதே ரத்தானது. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். மழைக்காலம் முடியும்வரை காளிங்கன் மதில்வீட்டில் தங்கி மண் குழைக்க வேண்டும் என்றார்.

மாலையில் மன்னரே மதிலுக்குப் போனார். கட்டிய மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த மதில்காரி சடைச்சியிடம், தன் சிறுவயதில் யானை மோதி இடிந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அதை அடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மதிலைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

"இங்கனதான் எங்கயோ, சாமி" என்றாள்.

மன்னர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.