சைபரில் ஓடிய மோட்டார்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் குடியிருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். சண்டை கிடையாது, பொய் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கஷ்டமெல்லாம் அதில்தான் வந்தது.

நாலாவது மாடியில் பூவாத்தாள் இருந்தாள். ஒரு வயசுப் பெண் குழந்தைக்குத் தாய். கூச்சம் அதிகம். யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கதவிடம்தான் பேசுவாள். ஆனால் ஆறாவது வரை படித்திருந்தாள். அந்தக் கட்டடத்துக்கு அது ரொம்பப் பெரிய படிப்பு. கணக்கு என்று வந்துவிட்டால் செக்ரட்டரி சென்னியப்பனே மூச்சு வாங்க மாடி ஏறி வந்து அவள் கதவைத் தட்டுவார்.

கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுகிற மோட்டார் கரண்டைக் குடித்துத் தீர்க்கிறது என்று, எலக்ட்ரீசியன் யூசுப் ஒரு நாள் அதற்கு ஒரு பெட்டி மாட்டினார். பெட்டியில் ஒரு திருகு. ஐம்பதில் வைத்தால் முழு வேகம். குறைக்கக் குறைக்க மோட்டார் மெதுவாகச் சுற்றும்.

“வேகத்தைப் பாதியாக்கினா கரண்டு பாதி இல்லீங்க, எட்டுல ஒரு பங்குதான் இழுக்கும். டேங்குல தண்ணி விழுகுதான்னு பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாக் குறைங்க. அடுத்த வாரம் வந்து நானே சரியா வச்சுத் தாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றைக்கே பூவாத்தாள் வாசலில் கூட்டம் கூடியது.

“பாதி வேகம்னா எட்டுல ஒண்ணு. பாதியில பாதின்னா எவ்வளவு, அம்மிணி?” என்றார் சென்னியப்பன்.

“அறுபத்துநாலுல ஒண்ணுங்க மாமா” என்றது கதவு.

“அதுலயும் பாதி?”

இதற்குக் காலண்டர் தாளும் பென்சிலும் வேண்டியிருந்தது. “ஐந்நூத்திப் பன்னெண்டுல ஒண்ணுங்க.”

எல்லாரும் கதவைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார்கள்.

“இப்படியே போனா,” என்றார் முதல் மாடி நாச்சிமுத்து, “கரண்டு ஆபீஸ்காரங்க நம்மகிட்ட வந்து கரண்டு கேப்பாங்க.”

திருகை ஆறில் வைத்தார்கள். வைக்கச் சொன்னது பூவாத்தாள்தான். அன்று ராத்திரி சோறு தின்னும்போது அவளுக்கே தன்னை நினைத்து லேசாகப் பெருமை வந்தது.

மோட்டார் பூனை மாதிரி முனகிக்கொண்டு ராப்பகலாக ஓடியது. டேங்கில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கும் வேலை நாச்சிமுத்துவுக்கு. அவர் தினமும் மூன்று வேளை மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார். விழவில்லை. பார்க்கத்தானே சொன்னார்கள், பார்த்துவிட்டு இறங்கிவந்தார்.

மூன்றாம் நாள் பூவாத்தாள் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். பத்தரைக்கு முகூர்த்தம். காங்கேயத்திலிருந்து தாய்மாமன் சுப்புராஜ் தோட்டோடு வந்துவிட்டான். ஒன்பது மணிக்கு மொட்டை அடித்து முடித்தார்கள். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் முடி ஒட்டிக்கொண்டு அரித்தது. அது வீறிட்டு அழுதது. குளிப்பாட்டலாம் என்று பூவாத்தாள் குழாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

கட்டடமே திரண்டது. சென்னியப்பன் இரண்டாவது மாடியில் பைப்பில் காதை வைத்தார். “தண்ணி இப்ப இங்கதான் இருக்குது. திருகு ஆறுல இருக்குதில்ல, மெதுவாத்தான் வரும்.”

“அப்ப வேகத்தைக் கூட்ட வேண்டியதுதானுங்களே?” என்றான் சுப்புராஜ். அவன் வெளியூர்க்காரன்.

“யூசுப் குறைக்கச் சொன்னாரு தம்பி. கூட்டச் சொல்லலையே!”

மூன்றாம் மாடி ரங்கநாயகி சொன்னாள்: “புள்ளையக் கீழ தொட்டிக்கிட்டத் தூக்கிட்டுப் போய் ரெண்டு செம்பு ஊத்தினாப் போச்சு.”

“அதெப்படிக்கா?” என்றார் நாச்சிமுத்து. “தொட்டித் தண்ணி எல்லாருக்கும் பொது. மேல போய் டேங்குல விழுந்து இறங்கினாத்தானே அது அவங்கவங்க வீட்டுத் தண்ணி?”

“நியாயந்தானுங்க” என்றாள் பூவாத்தாள், கதவுக்குப் பின்னால் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

ஆகவே, மெதுவாக ஏறுகிற தண்ணீருக்குக் கைகொடுப்பது என்று முடிவானது. படிக்கட்டில் வரிசையாக நின்று தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு மேலே கொடுத்தார்கள். வாளிகள் பூவாத்தாளின் குளியலறை வாசலைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போயின. ஒவ்வொரு வாளியும் தாண்டும்போது அவள் குழந்தையை ஒதுக்கி வழிவிட்டாள். ஒரு வாளியை அவளே வாங்கி, தளும்பாமல் மேலே கொண்டுபோய் டேங்கில் ஊற்றிவிட்டு ஓடிவந்தாள்.

மணி பத்து பத்து. குழாயைத் திறந்தாள். தண்ணீர் சடசடவென்று கொட்டியது.

“மூடு! மூடு!” என்று சென்னியப்பன் அலறினார். “இத்தனை வேகத்துல வந்தா எட்டுப் பங்கு கரண்டு போயிருமே!” அவரே குழாயை மூடிவிட்டுக் கீழே ஓடினார். திருகை ஆறிலிருந்து சைபருக்குத் திருகினார். மேலே வந்து திறந்து பார்த்தார். அதே வேகம். “பெட்டி கெட்டுப்போச்சு” என்று மறுபடி மூடினார். “சொட்டுச் சொட்டா விடலாம். புள்ளை சின்னதுதானே, போதும்.”

குழந்தை மூச்சைப் பிடித்து அழுதது. பத்து இருபது.

பூவாத்தாள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கதவை விட்டு வெளியே வந்து பேசினாள். “மாமா! மோட்டார் சைபர்ல இருக்குதுங்க. அப்பவும் தண்ணி கொட்டுது. ஏறுறதுக்குத்தானுங்க கரண்டு. இறங்குறதுக்குக் கரண்டே வேண்டாமுங்க!”

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஆறாவது படித்த வாயிலிருந்து வந்த வார்த்தை! குழாயை முழுசாகத் திறந்தாள். பிள்ளை குளித்தது, அழுகையை நிறுத்தியது. சரியாகப் பத்தரைக்கு, மாமன் மடியில், காதில் தோடு ஏறியது.

அடுத்த வாரம் யூசுப் வந்தார். மோட்டார் ரூமில் மோட்டார் இல்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். டேங்குக்குப் பக்கத்தில் மோட்டார், வெயில் படாமல் ஒரு குடைக்கு அடியில், நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. பெட்டியில் திருகு சைபரில் நின்றது.

“இதை யாருங்க இங்க தூக்கி வச்சது?”

“நாங்கதான்” என்றார் சென்னியப்பன். “இது கீழ இருக்கிற வரைக்கும் தண்ணிய ஏத்திக்கிட்டு இருந்துச்சு. அதுதான் கரண்டு. இப்ப காலையில நாங்க வாளியில கொண்டாந்து ஊத்திர்றோம். மோட்டார் மேல இருந்து இறக்கிவிடற வேலைய மட்டும் பார்த்துக்குது. ஒரு யூனிட் ஓடலை!”

யூசுப் குடைக்கு அடியில் குனிந்து மோட்டாரை ஒருமுறை பார்த்தார். “இந்த யோசனை யாரோடதுங்க?”

மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“நாந்தானுங்கண்ணா சொன்னேன். சைபருக்குக் கீழயும் குறைக்கிற மாதிரி ஒரு பெட்டி இருந்தா மாட்டித் தாரீங்களா?”