பற்றவைப்புக்குள் குமிழ்

“மேடம், உங்க லேசர்லதானுங்க கோளாறு” என்றார் மயில்சாமி.

எஸ்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுத்த இரும்புத் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பின் கீழ் நகர்த்திக்கொண்டிருந்தார்.

மயில்சாமிக்கு வயது நாற்பத்தொன்பது. கோவைக்குப் பக்கத்தில் அரசூரில், கார் கியர் பெட்டிக்குப் பல்சக்கரம் செய்யும் ஆலையில் உற்பத்தி மேலாளர். சக்கரத்தையும் அதன் நடுவில் உட்காரும் வளையத்தையும் லேசர் ஒளியால் பற்றவைப்பது அவர் பிரிவின் வேலை. ஒன்றுக்கு இருபத்தொரு விநாடி ஆகிறது. வாங்கும் கம்பெனி பதினான்கு கேட்டது. திங்கட்கிழமை மாதிரிச் சக்கரம் காட்டாவிட்டால் ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். ஆர்டர் போனால் பிரிவு மூடப்படும். அதில் அறுபது பேர்.

எஸ்தருக்கு வயது முப்பத்து மூன்று. ஒரகடத்தில் லேசர் இயந்திரங்களை வைத்துச் சோதனைக்கூடம் நடத்துகிறார். ஆலைக்காரர்கள் ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். கேட்டால் பதில் சொல்ல மாட்டார், ஆனால் பதில் இல்லாமல் யாரும் திரும்பியதில்லை என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது.

மயில்சாமி வந்து இது மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை.

“வேகத்தைக் கூட்டினனுங்க, உள்ளே குமிழ். பவரை ஏத்தினனுங்க, குமிழ். மேல ஊதற கேஸை மாத்தினனுங்க. அப்பவும் குமிழ்.”

“உட்காருங்க சார்.”

“உட்கார நேரமில்லீங்க.”

மூன்று நாளாக டீயைக்கூட நின்றபடியேதான் குடித்தார். கையுறையை மாட்டிக் கழற்றுவது வீண் நேரம் என்று முதல் நாளே அதை ஓரமாகப் போட்டுவிட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் அவர் பற்றவைத்த சக்கரம் ஒவ்வொன்றும் அழகு. தலைமுடி இழை போல மெல்லிய கோடு. குறுக்கே அறுத்து, பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவிப் பார்த்தால்தான் உள்ளே கடுகு கடுகாக ஓட்டை தெரியும். கார் ஓடும்போது விரிசல் கிளம்புவது அந்த ஓட்டையிலிருந்துதான். அரசூரில் வாரத்துக்கு ஒன்று அறுத்துப் பார்ப்பார்கள், சனிக்கிழமைதோறும். இங்கே அவர் எல்லாவற்றையும் அறுத்தார்.

“நாப்பது அறுத்தாச்சுங்க. நாப்பதும் சொத்தை. சந்தையில கண்ணை மூடிட்டுக் கத்திரிக்கா பொறுக்குனாக்கூட நாலு நல்லது தேறுமுங்க.”

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. “பழைய வேகத்துல ஓட்டுங்க.”

“அதுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம் வரணும்? பழைய வேகந்தான் ஊர்ல ஓடிட்டே இருக்குதே. நாலு வருசமா ஒரு குமிழ் இல்லை.”

“ஓட்டுங்க.”

பத்துச் சக்கரம் ஓட்டினார். அரசூரில் என்ன வேகமோ அதே வேகம், என்ன பவரோ அதே பவர். மதியத்துக்குள் அறுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

பத்திலும் குமிழ்.

“நாந்தான் முதல்லயே சொன்னனே. உங்க மெஷின்தானுங்க.”

எஸ்தர் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். ஓசூர்க்காரர் ஒருவர் இதே இயந்திரத்தில் இன்று காலையில்தான் பற்றவைத்துவிட்டுப் போயிருந்தார். மயில்சாமி அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகு அடுத்த இரண்டு சக்கரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வளையத்தை அழுத்திப் பொருத்த ஆரம்பித்தார்.

“உங்க கேள்விதான் என்ன சார்?” என்றார் எஸ்தர்.

“மூணு நாளா அதைத்தானுங்களே கேட்டுட்டிருக்கறேன்.”

“எழுதிக் குடுங்க.”

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“பள்ளிக்கூடத்துப் பையனாக்கிப்போட்டீங்க” என்று முணுமுணுத்தபடி மயில்சாமி சக்கரத்தைக் கீழே வைத்தார். தாளை வாங்கி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

எஸ்தர் படிக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை தூக்கிப் பிடித்தார். அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“படிக்கலீங்களா?”

“பார்த்தேன்.”

“பதிலுங்க?”

“தாள்லயே இருக்கு.”

மயில்சாமி தன் நாலு வரியை மறுபடி வாசித்தார். “இதுல என் எழுத்துதானுங்களே இருக்குது.”

“எழுத்தை யார் சார் படிக்கச் சொன்னது?”

அவரும் ஜன்னல் பக்கம் தூக்கினார். எழுத்துக்குக் கீழே, அவர் தாளைப் பிடித்திருந்த ஓரத்தில், வெளிச்சம் ஊடுருவியது. கட்டைவிரல் தடம் ஒன்று. மற்ற விரல்கள் நாலு.

மயில்சாமி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

எண்ணெய் இருக்கும் இடத்தில் லேசர் விழுந்தால் அது ஆவியாகி, உருகிய உலோகத்துக்குள் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். இது அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பதுதான்.

“கழுவித்தானுங்களே வருது” என்றார். சொன்னதுமே குரல் இறங்கியது. “கழுவினதுக்கு அப்புறம், துருப் பிடிக்காம இருக்கறதுக்கு லேசா எண்ணெய் அடிக்கறோம். கண்ணுக்கே தெரியாது.”

எஸ்தர் தலையாட்டினார்.

“ஆனா ஊர்லயும் இதே எண்ணெய்தானுங்களே. அங்க ஏன் குமிழ் வரலை?”

“அங்க சக்கரத்தை மெஷின்ல யார் வைக்கிறாங்க?”

“துளசிமணின்னு ஒரு அம்மா. திங்கக்கிழமையில இருந்து அதுக்கும் ரோபோக் கைதானுங்க. மிச்சம் பிடிக்க வேண்டிய ஏழு விநாடியில நாலு அதுலயே வந்துரும்.”

“அவங்க என்ன செய்றாங்க?”

“எடுத்து வைப்பாங்க. வேற என்னங்க இருக்குது அதுல?”

மேசையில் கிடந்த அவருடைய செல்போனை எஸ்தர் அவர் பக்கம் தள்ளினார்.

மயில்சாமி பேசினார்.

“ஏம்மா துளசிமணி, சக்கரத்தை மெஷின்ல வைக்கறதுக்கு முன்னால என்னம்மா பண்ணுவ?”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க சார்.”

“பயப்படாதம்மா. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

“வளையம் உக்கார்ற ஓரத்தைத் துணியில ஒரு சுத்துச் சுத்தித் தொடைப்பனுங்க. கொஞ்சம் தின்னர் தொட்டுக்குவேன். மூணு நாலு செகண்டுதானுங்க ஆகும்.”

“யாரு தொடைக்கச் சொன்னா?”

“யாருஞ் சொல்லலீங்க. இல்லாட்டிக் கை வழுக்குமுங்க. துணிகூட ஊட்டுல இருந்து பழைய சீலையைக் கிழிச்சு நானேதான் கொண்டாருவேன்.”

ஆலையின் வேலைமுறைத் தாள் மொத்தம் பதினோரு பக்கம். மயில்சாமியே எழுதியது. அதில் சீலையும் இல்லை, தின்னரும் இல்லை.

“சரிம்மா” என்றார். “இனி ஒண்ணு விடாம அப்படியே தொடச்சு வை. எவன் சொன்னாலும் விட்டுப்போடாத.”

அந்தப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம்தான் கேட்டது.

“துளசிமணி?”

“நான் பேக்கிங்ல இருக்கறனுங்க சார். நேத்தே மாத்திட்டாங்க.”

“திங்கக்கிழமைன்னுதானே எழுதியிருந்தேன்?”

“சூப்பர்வைசர்தானுங்க, திங்கக்கிழமை வரைக்கும் சும்மா கெடந்தா சாரு பொறுக்க மாட்டாருன்னு நேத்துக் காலையிலயே அந்தக் கையை ஓட்டிவிட்டுட்டாரு. நல்ல வேகமுங்க சார். அதுல வெச்ச சக்கரமே இன்னிக்கு மத்தியானம் ஒரு லாரி போயிருச்சு.”