கையால் மூடிய தொடுவானம்

"கருவி பொய் சொன்னால் எப்படித் தெரியும், கேப்டன்?" என்று கேட்டார் சிதம்பரதாணு.

கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வுபெற்றபின் விமானம் ஓட்டப் பழகுகிறவர். கற்றுத்தரும் கேப்டன் பியூலாவுக்கு அவர் வயதில் பாதி. அவர் கேள்விகள் பலவற்றுக்கு அவள் பதில் சொல்வதில்லை.

அன்றும் சொல்லவில்லை. மழைக்கு முன் ஒரு சுற்று போய்வரலாம் என்றாள்.

மழை அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

கடலுக்கு மேல் மேகம் அவர்களை எடுத்துக்கொண்டது. முகில், கொண்டல், எழிலி என்று வெளியே நின்று பார்த்தவர்கள் அதற்கு எத்தனையோ பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரே வெள்ளை. மேலும் இல்லை, கீழும் இல்லை. சிதம்பரதாணுவுக்குக் கருவறை இருட்டு நினைவுக்கு வந்தது; நிறம்தான் வேறு.

நல்லவேளை, எதிரே செயற்கைத் தொடுவானம் இருந்தது. உள்ளங்கையளவு வட்டம், மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவே ஒரு கோடு. கோடு சாய்ந்தால் விமானம் சாய்கிறது என்று பொருள்.

கோடு மெல்லச் சாய்ந்தது. அவர் மெல்லத் திருத்தினார். மறுபடி சாய்ந்தது. மறுபடி திருத்தினார்.

"திசைகாட்டி ஏன் சுற்றுகிறது, சார்?" என்றாள் பியூலா.

காற்றாக இருக்கும் என்றார்.

உயரமும் குறைகிறதே என்றாள். அதுவும் காற்றுதான், கீழே இழுக்கிற வகை என்று விளக்கினார். திருப்பம் காட்டும் கருவியில் பொம்மை விமானம் வலச் சிறகைத் தாழ்த்தியிருந்தது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். சொல்லி முடிப்பதற்குள் இன்னும் முந்நூறு அடி போயிற்று.

பியூலா கையை நீட்டி, செயற்கைத் தொடுவானத்தை உள்ளங்கையால் மூடினாள். மற்றொரு கை மடியிலேயே இருந்தது.

"இப்போது ஓட்டுங்கள்."

மீதி மூன்று கருவிகளும் ஒன்றையே சொல்வது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலப்பக்கம் வட்டமடித்தபடி கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொம்மைச் சிறகை மட்டமாக்கினார். திசைகாட்டி நின்றது. உயரம் நின்றது. உடம்பு மட்டும் நிற்கவில்லை.

"இடப்பக்கம் கவிழ்கிறோம், கேப்டன். உடம்பு சொல்கிறது. சத்தியம் செய்கிறது."

"செய்யட்டும். அதையும் மூட எனக்குக் கை போதாது."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மைச் சிறகையே பார்த்திருந்தார். ஒவ்வொரு நரம்பும் கவிழ்கிறாய், கவிழ்கிறாய் என்றது. கைகளை அசைக்கவில்லை.

பிறகு வெள்ளை கிழிந்தது.

கடல். கண் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை, மழை கழுவிய வெயிலில், யாரும் வரையாத ஒரே கோடு. விமானத்தின் இரண்டு சிறகுகளும் அதற்கு இணையாக, நூல் பிடித்தாற்போல் நின்றன.



பியூலா கையை எடுத்தாள். செயற்கைத் தொடுவானம் வலப்பக்கம் சரிந்து கிடந்தது.

"இது ஒன்றுதானே பழுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பியூலா அவரைப் பார்த்தாள். அவரும் தம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இருக்கை வார் இழுத்துப் பிடித்திருக்க, கழுத்து வளைந்து, ஒரு தோள் தாழ்ந்து, இல்லாத இடச்சாய்வுக்கு ஈடாக அவரும் வலப்பக்கம் சரிந்துதான் உட்கார்ந்திருந்தார்.