நான்கு விசில்களும் ஒரு கயிறும்

விடை இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தேட வேண்டாம். ஆனால் அவசரமாகப் படிப்பவர்களுக்கு அது தட்டுப்படாது.

கரட்டூத்து மலையடிவாரத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மீட்புக் குழு வைத்திருந்தார்கள். கூலி கிடையாது. மலையில் நடக்க வந்தவர் வழி தவறினாலும் சரி, மேயப் போன மாடு பள்ளத்தில் சிக்கினாலும் சரி, தகவல் வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஏறுவார்கள். தலைவர் மொக்கைச்சாமி, ஜீப் ஓட்டுபவர். அவருடைய தங்கை ஒச்சம்மாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அடுத்தவன் மாடு மேய்க்கும் காசிமாயன். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் தவமணி நான்காவது ஆள். ஆளுக்கொரு விசில். கயிறு மட்டும் ஒன்றுதான். அது தவமணியின் தோளில் இருக்கும்.

மூடுபனி இறங்கிவிட்டால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய மாட்டார். அதனால், பரவி நின்று தேடும்போது மொக்கைச்சாமி அவ்வப்போது ஒரு முறை ஊதுவார். மற்ற மூவரும் இருந்த இடத்திலிருந்தே ஒரு முறை திருப்பி ஊத வேண்டும். தேடிய ஆளைக் கண்டவர் மூன்று முறை ஊத வேண்டும்.

போன ஐப்பசியில் காசிமாயனே வழுக்கி விழுந்து, புதருக்குள் முனகிக்கொண்டு கிடந்தான். மற்றவர்கள் அவன் பெயரைக் கத்திக்கொண்டே பக்கத்தில் கடந்து போனார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் முனகல் கேட்கவில்லை.

"எம்பேரு எனக்கே மறந்துபோச்சுன்னா கத்துனீங்க? கொஞ்சம் வாயை மூடிட்டு வந்தா என்னவாம்?" என்று பிறகு அவன் கேட்டான்.

அன்றிலிருந்து இன்னொரு விதி சேர்ந்தது. பதில் விசில் வராவிட்டால் அந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். தேடலை அப்படியே நிறுத்திவிட்டு, விசிலும் இல்லாமல் கூச்சலும் இல்லாமல் அவரிடம் போக வேண்டும். இந்த விதி வந்த நாள்முதல், தங்கையின் விசில் கொஞ்சம் தாமதமானாலும் மொக்கைச்சாமிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும்.

கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், மதுரையிலிருந்து மலையேற வந்த கூட்டத்தில் எட்வின் என்பவரைக் காணவில்லை. நால்வரும் பனிக்குள் பரவித் தேடினார்கள். மேல்பாதையில் நின்ற ஒச்சம்மாள், அண்ணனின் விசிலுக்குப் பதில் ஊதிவிட்டு இரண்டடி வைத்திருப்பாள். காலுக்குக் கீழே மெல்லிய குரல் கேட்டது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

கை நீட்டினால் எட்டும் ஆழத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குப் பாறைத்திட்டு. அதன் விளிம்பில் எட்வின் கிடந்தார். உள்பக்கம் ஒரு மலைமாடு, அப்போதுதான் ஈன்ற கன்றுடன். மாடு வந்த வழியை மண்சரிவு மூடியிருந்தது.

"அக்கா, என் கால் போச்சு."

"கால் போனாப் போகுது தம்பி, ஆள் இருக்கீங்கள்ல? அசையாதீங்க." அவர் முதுகுப்பையின் வாரை ஒரு கையால் எட்டிப் பிடித்தாள். மறு கை விசிலுக்குப் போனது.

"ஊதாதீங்கக்கா!" என்று அவர் பதறினார். "தூரத்துல கேட்டா இது காதைத்தான் ஆட்டுது. இப்ப நீங்க மேல நின்னு ஊதுனதுக்கு மிரண்டு என்னைத் தள்ளிருச்சு. பாதி உடம்பு வெளிய தொங்குது."

தொங்கத்தான் செய்தது. இன்னொரு முறை மாடு மிரண்டால் அவர் பள்ளத்தில்தான். மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தினாலும் அதே கதிதான். வாரை விட்டுவிட்டு ஆள் கூட்டி வரலாமென்றால், விட்ட கணமே அவர் சரிவார். ஒற்றை ஆளாகத் தூக்கவும் முடியாது. செல்போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. பனியில் துணியை ஆட்டினால் யாருக்குத் தெரியும்? மற்றவர்கள் ஓடைப்பக்கம் இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் திரும்ப விடிந்துவிடும்.

வார் உள்ளங்கையை அறுத்தது. ஒச்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கையை விடுவதில்லை. இந்த ஆளையும் விடுவதில்லை.

தூரத்தில் அண்ணனின் விசில் கேட்டது. காசிமாயன் பதில் ஊதினான். தவமணியும் ஊதினான்.

மாடு மிரளக் கூடாது. பிடித்த கை விலகக் கூடாது. ஆனாலும் ஆட்களும் கயிறும் வந்தாக வேண்டும். அப்படியென்றால், ஒச்சம்மாள் அவர்களை எப்படிக் கூப்பிட்டாள்?

விடை: அவள் ஒன்றுமே செய்யவில்லை. அண்ணனின் விசிலுக்குப் பதில் ஊதாமல் இருந்தாள். அவர் மறுபடியும் ஊதினார், அதற்கும் ஊதவில்லை. அதுதான் அழைப்பு. விதிப்படி மூவரும் தேடலை நிறுத்திவிட்டு, கடைசியாக அவள் விசில் கேட்ட இடத்துக்குச் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தார்கள், கயிறும் வந்தது. காசிமாயன் திட்டின் மறுகோடியில் ஒரு கட்டுப் புல்லை இறக்கி மாட்டை ஒதுக்க, மற்றவர்கள் எட்வினைக் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். மறுநாள் மண்ணை வெட்டி வழி செய்ததும் மாடும் கன்றும் நடந்தே வெளியே வந்தன. மொக்கைச்சாமி மட்டும், எட்வினை ஜீப்பில் ஏற்றும்வரை தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகுதான் சொன்னார்: "ஏத்தா, நீ போயிட்டேன்னுல்ல நெனச்சு வந்தேன்." அறுபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "நெனைக்கணும்னுதாண்ணே ஊதல."