முதல் வாய்ச் சோறு

பேரனுக்கு முதல் சோறு சாமி கையால்தான் என்று வள்ளிமயில் நேர்ந்திருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை.

சாமி அவளைவிட வயதில் சின்னவர். மலையடிவாரத்து மடத்தில் மதியம் வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே சோற்றை உருட்டிக் கொடுப்பார். அதுதான் அங்கே பிரசாதம். போன மாதம் டைபாய்டில் படுத்து எழுந்த பிறகு அந்த வழக்கம் நின்றிருந்தது. உடம்பில் தெம்பில்லை போல என்று வள்ளிமயில் நினைத்துக்கொண்டாள்.

நல்ல நாள் பார்த்து மகள், மருமகன், சம்பந்தியம்மாள் எல்லோரும் வேனில் வந்து இறங்கினார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் பால்சோறு.

அம்மனுக்குக் குங்கும அர்ச்சனை முடித்துவிட்டு சாமி வெளியே வந்தார். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்களே ஊட்டுங்கம்மா.”

வள்ளிமயில் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“எங்க வீட்டுப் பிள்ளைன்னா சாமிக்கு இளக்காரமா?” என்றாள் சம்பந்தியம்மாள். “குலதெய்வம் கோயில்ல ஊட்டுவோம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எங்க சாமி, எங்க சாமின்னு கூட்டிட்டு வந்தீங்களே, நல்லா கவனிக்கிறார் உங்க சாமி!”

வள்ளிமயிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா சாமி?”

“இல்லம்மா. காய்ச்சல்தான் விட்டிருக்கு. கிருமி இன்னும் உடம்பை விட்டுப் போகலன்னு நர்சம்மா சொல்றாங்க. சோதனையில போயிருச்சுன்னு வர்ற வரைக்கும் யாருக்கும் சோறு தொட்டுக் கொடுக்கக் கூடாதாம்.”

“பார்த்தா கிண்ணுன்னு இருக்கீங்களே!”

“எனக்கும் அப்படித்தான் தோணுது.”

“கையை நல்லாக் கழுவிட்டு ஊட்டலாமே சாமி? ஒரே ஒரு வாய்.”

சாமி குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அடுப்படியிலிருந்து ஒரு கை வெறும் சோறு வாங்கி உருட்டி, இலைத் துண்டில் வைத்து அவளிடம் காட்டினார்.

வெள்ளைச் சோற்றில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. நகக்கண்ணில் ஒட்டியிருந்த குங்குமம்.

“இது குங்குமம், கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. கிருமி தெரியாதேம்மா” என்றார் சாமி.

சம்பந்தியம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வள்ளிமயில் மட்டும் விடவில்லை.

“எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி. உங்க கையால வர்றது எங்களுக்குக் கெடுதல் பண்ணாது. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு.”

அப்போது பின்கட்டில் யாரோ ஈனக்குரலில் தண்ணீர் கேட்டார்கள். வெந்நீர்ச் செம்போடு சமையற்காரம்மா உள்ளே போனாள்.

“யாரு சாமி அது?”

“பூக்கட்டுற பேச்சியம்மா. எனக்குக் காய்ச்சல் ஆரம்பிச்ச புதுசுல, சும்மா உடம்பு வலிதானேன்னு நான் பாட்டுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். தினமும் ஏந்தி வாங்கிச் சாப்பிட்டாங்க.” சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவங்களுக்கும் இதே நம்பிக்கைதாம்மா. மாத்திரை சாப்பிடுறாங்க. எழுந்து உட்காரத்தான் இன்னும் தெம்பு வரல.”

வள்ளிமயில் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“சம்பந்தியம்மா, நீங்களும் கையைக் கழுவிட்டு வாங்க” என்றார் சாமி. “ரெண்டு பேருமா ஊட்டுங்க.”

“நகம் வேற வெட்டாம வந்து தொலைச்சிருக்கேன்” என்று முணுமுணுத்தபடி குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டுச் சம்பந்தியம்மாள் குழாயடிக்குப் போனாள். அவள் தேய்த்த தேய்ப்பில் மருமகன் சிரித்துவிட்டான். “நீ முதல்ல செருப்பைக் கழட்டுடா” என்று ஓர் அதட்டல் வந்தது.

வள்ளிமயிலும் கை கழுவிவிட்டு வந்து முதல் வாயை ஊட்டினாள். பிள்ளை பாதியைத் துப்பியது. மீதியைச் சப்புக்கொட்டியது. அடுத்த வாய்க்குச் சம்பந்தியம்மாளின் விரலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது.

சாமி எட்டத்தில் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் வேனில் ஏறிய பிறகு வள்ளிமயில் மட்டும் திரும்பி வந்தாள். மனசு ஆறவில்லை.

“எல்லாம் சரி சாமி. உங்க ஆசீர்வாதம் மட்டும் என் பேரனுக்குக் கிடைக்காமப் போச்சே.”

“இவ்வளவு நேரமா வேற என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தேன்?” என்றார் சாமி.