டங் என்றால் தகடு, சொத் என்றால் துரு

கீழப்பாதி கிராமத்தில் நாலு சமையல்காரர்கள் இருந்தார்கள். சாம்பார் கொதித்தால் நாலு தெருவுக்கு மணக்கும். ஆனால் அடுப்பை விட்டு எழுந்தார்களோ, போச்சு. மூத்தவர் அம்மாசி. அவருக்கு மச்சான் ஒண்டிவீரன். கூடமாட சின்னானும் பொன்னுரங்கமும்.

அண்டா, குண்டான் ஏற்றிப்போக அவர்களிடம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் இருந்தது. பின்பக்கம் நீண்டு கிடக்கும் கார். போன மாதம் ஒரு காதுகுத்துக்குப் போகும்போது அதன் அடித்தகடு துருப்பிடித்துப் பொத்துக்கொண்டு, ரச அண்டா நடுரோட்டில் இறங்கிவிட்டது. இவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தவர்களிடம் "ரசம் பின்னாடி வருது" என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒருத்தரும் சமையலுக்குக் கூப்பிடவில்லை. நெடுங்காட்டு முத்தையா மட்டும் மனசு இரங்கி, மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள என் வீட்டு வாசல்ல நிக்கணும். இல்லேன்னா வேற ஆளு. அப்புறம் இந்த வட்டாரத்துல உங்களைக் கறிவேப்பிலை உருவக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க, பார்த்துக்குங்க."

நாலு பேரும் பயந்து போய் டிங்கர் வேலை செய்யும் ஜபருல்லா பாயைக் கூட்டி வந்தார்கள். பாய் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார்.

"வியாழக்கிழமை காலைலதான் எனக்கு ஒழியும். வந்து புதுத்தகடு வச்சுப் பத்தவச்சுத் தரேன். அதுக்குள்ள நீங்க ஒரு வேலை பண்ணுங்க. சுத்தியால தட்டிப் பாருங்க. டங்னு சத்தம் வந்தா நல்ல இடம். சொத்துனு வந்தா துரு. சொத்துனு வர்ற இடத்தை மிச்சம் வைக்காம எடுத்துடுங்க."

இவ்வளவு தெளிவாக யாரும் அவர்களுக்கு எதுவும் சொன்னதில்லை.

அடித்தகட்டைத் தட்டினார்கள். சொத். வெட்டினார்கள். பக்கத்தில் தட்டினார்கள். அங்கேயும் சொத். மத்தியானத்துக்குள் அடித்தகடு முழுக்க வெளியே வந்துவிட்டது. மேல்கூரையும் கதவுகளும் டங். விட்டுவிட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். சின்னான் சும்மா இல்லாமல் சீட்டைத் தட்டினான். சொத்.

"மாமா, சீட்டுக்குள்ளயும் போயிருச்சு!"

"பஞ்சுல துரு புடிக்குமாடா?" என்றார் அம்மாசி.

"நமக்குத் தெரியுமா? பாய்க்குத் தெரியாதா?"

சீட்டு போனது. அடுத்தது டயர். நாலும் சொத்.

"கன்னங்கரேல்னு இருக்கு பாருங்க, முத்தின துரு" என்றான் ஒண்டிவீரன்.

டயர்களைக் கழற்றிக் குப்பைமேட்டில் போட்டார்கள். என்ஜின் மேலே கை தடிமனுக்கு எண்ணெயும் தூசியும் அப்பியிருந்ததால் அதுவும் சொத் என்றது. கப்பி கட்டி இறக்கினார்கள். ரப்பர் ஹாரனும் தப்பவில்லை.

ஸ்டியரிங்கைத் தட்டினபோதுதான் சிக்கல். அது டொக் என்றது.

வேலை நின்றுவிட்டது. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"டொக்குக்குப் பாய் ஒண்ணும் சொல்லலியே."

"டங்குல சேர்க்கலாமா?"

"நாமளா சேர்க்க நாம யாரு? சொல்லாததைத் தொடவேணாம்" என்று அம்மாசி தீர்ப்புச் சொன்னார். ஸ்டியரிங் பிழைத்தது.

அந்த நேரத்தில் பொன்னுரங்கம் சந்தேகத்தோடு அம்மாசியின் தொப்பையை லேசாகத் தட்டிப் பார்த்தான். சொத்துதான். அம்மாசி எழுந்து சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பாய் வந்தார். கூரையும் கதவுகளுமாக ஒரு கூடு தரையில் உட்கார்ந்திருந்தது.

"நான் ஓட்டைய அடைக்க வந்தா என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எந்த ஓட்டை பாய்?" என்றான் ஒண்டிவீரன் பணிவாக. "ஓட்டைனா சுத்தி ஏதாச்சும் இருக்கணும். இங்க சுத்தி ஒண்ணுமே இல்ல. ஒரு ஓட்டை காட்டுங்க பார்க்கலாம்."

பாய்க்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "இனிமே இதைத் தலையில தூக்கிக்கிட்டுத்தான்யா போகணும்!" என்று கத்திவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாலு பேரும் அவர் போன திசையைக் கும்பிட்டார்கள். கோபத்திலும் வழி சொல்லிவிட்டுப் போகிற மனுஷன்.

துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு காருக்குள் நுழைந்தார்கள். கூரையைத் தலையில் ஏற்றி எழுந்தார்கள். அம்மாசி முன்னால் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கார் எட்டுக் காலோடு நெடுங்காட்டை நோக்கி நடந்தது. வளைவுகளில் அம்மாசி வாயாலேயே "பாம் பாம்" என்றார். வலது பக்கம் திரும்பும்போது சின்னான் மறக்காமல் ஜன்னலில் கையை நீட்டினான். பின்னால் வந்த பஸ் டிரைவர், "ஓரமா போங்கய்யா!" என்று கத்தினார். "ரெண்டாவது கியர்ல இவ்வளவுதான் வரும்ணே!" என்று ஒண்டிவீரன் பதில் கொடுத்தான்.

ஒன்பது மைல். கழுத்தெல்லாம் இறங்கிப்போச்சு. ஆனால் பொழுது சாய்வதற்குள் முத்தையா வீட்டுப் பந்தலுக்குள் காரை நிறுத்திவிட்டார்கள்.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம்ல?" என்றார் அம்மாசி, மூச்சு வாங்க.

முத்தையா காரைச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் சரி. அண்டா, குண்டான் எல்லாம் எங்க?"

"வீட்ல."

"வீட்லயா?"

"வெறும் வண்டியே என்னா கனம்னு தூக்கிப் பாருங்க. இதுல அண்டாவையும் ஏத்தினா மனுஷன் நடக்க முடியுமா?"

"அப்புறம் எதுக்குய்யா வண்டியைத் தூக்கிட்டு வந்தீங்க?"

பெண்ணைப் பெற்றவர், பதற்றத்தில் ஏதோ கேட்கிறார் என்று நாலு பேரும் பொறுத்துக்கொண்டார்கள். "பாத்திரம் ஏத்தத்தான்" என்றார் அம்மாசி மெதுவாக.

முத்தையா தலையில் அடித்துக்கொண்டார். "உடனே போய் எடுத்துட்டு வாங்கய்யா!"

"நல்லவேளை, வண்டி கையோட இருக்கு" என்று சொல்லி, நாலு பேரும் மறுபடி உள்ளே புகுந்து தூக்கினார்கள். பந்தல்கால்களுக்கு நடுவே திருப்ப இடமில்லை. "ரிவர்ஸ்லயே போயிடுவோம்" என்றார் அம்மாசி. முத்தையா போனை எடுத்து வேறு சமையல்காரரைத் தேட ஆரம்பித்தார்.

ஒன்பது மைலும் பின்பக்கமாகவே நடந்தார்கள். பின்கண்ணாடிப் பக்கம் நின்ற பொன்னுரங்கம் மட்டும் "வரலாம், வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கீழப்பாதி வந்து சேர்ந்ததும் மற்ற மூன்று பேருக்கும் ஒரே வருத்தம்: அத்தனை தூரம் ஒன்றாகத்தான் நடந்தோம், இவன் மட்டும் எப்படி நமக்கு முன்னால் ஊருக்கு வந்தான்?