விதியா, தேடலா?

இருதயராஜிடம் இருந்தது ஒரே கேள்வி. அதைக் கேட்டுக் கேட்டே பத்மாசினியின் உயிரை வாங்கினார்.

திருச்சியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காக அவர்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் போனில் கேள்வியை டைப் செய்தால், உடனே முதலுதவி சொல்ல வேண்டும். பத்மாசினி குழுத் தலைவி. இருதயராஜ் அவளைவிட மூத்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு, இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தவர்.

"விதி வைக்கலாமா மேடம், தேடல் வைக்கலாமா?"

விதி என்றால், டாக்டர்கள் எழுதிக்கொடுத்தபடி இன்ன சொல் வந்தால் இன்ன பதில். தேடல் என்றால், பழைய கேள்வி பதில்களைத் துழாவி, கிட்டத்தட்ட ஒத்துவருவதை எடுத்துக் கொடுப்பது. விதி சொதப்பினால் இருதயராஜ் தேடல் கட்சி. தேடல் சொதப்பினால் மறுபடி விதிக் கட்சி. இரண்டுக்கும் இடம் இருக்கிறது, எங்கே எது என்று பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. மனிதர் தலையாட்டுவார். மறுநாள் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

ஒரு மதியம் அவளை ஆவலாகக் கூப்பிட்டார். திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார். மேலே ஒரு கேள்வி:

"பாப்பா ரிமோட்ல இருந்து வட்டமா ஒண்ணு எடுத்து முழுங்கிட்டா. என்ன செய்யணும்?"

விதி சொன்ன பதில்: "மன்னிக்கவும், புரியவில்லை."

தேடல் சொன்ன பதில்: "நாணயம் விழுங்கினால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். பயப்படாமல் காத்திருக்கவும்."

"முழுங்கினது பட்டன் பேட்டரி மேடம். அந்தச் சொல் இல்லாததால விதி கைவிரிச்சிடுச்சு. தேடல் தப்புதான், ஆனா எவ்வளவு பக்கத்துல வந்திருக்கு பாருங்க. எதுக்கு மார்க் போடலாம்?"

"இதை டைப் பண்ணது யாரு?"

டெஸ்டிங் பசங்களாகத்தான் இருக்கும் என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். டெஸ்டிங் பசங்கள் எல்லோரும் மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் இருதயராஜுக்கு நினைவு வந்தது. கேள்வி அனுப்புவதற்கான சோதனை எண்ணைத் தடுப்பூசி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று மருத்துவமனை நேற்றுக் கேட்டிருந்தது. சரி என்று சொன்னவர் அவரேதான்.

அதற்குள் பத்மாசினி கேள்வி வந்த எண்ணுக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தது குழந்தையின் அம்மா. பதிலைப் படித்துவிட்டு, தானே வந்துவிடும் என்று காத்திருக்கிறாளாம். காத்திருக்கவே கூடாது, அது உள்ளே அரித்துவிடும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஓடுங்கள் என்றாள் பத்மாசினி. பிறகு விதி, தேடல் இரண்டும் யாருக்கும் பதில் அனுப்பாதபடி நிறுத்திவைத்தாள்.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேட்டரியை எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயில் சின்னப் புண், ஆறிவிடும். ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தன் இடத்துக்கு வந்தாள்.

இருதயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"அப்ப மேடம், இந்த மாதிரி கேஸுக்கு விதியா, தேடலா?"

பத்மாசினி கையிலிருந்த போனை மேஜையில் வைத்தாள்.

"பாப்பா எப்படி இருக்கான்னு நீங்க இன்னும் கேக்கலையே சார்."